பழைய ஆகா அடுப்பை வைத்துக்கொள்வதா, எடுத்துவிடுவதா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இங்கிலாந்தின் ஹெரிஃபோர்ட்ஷர் பகுதியில் ஒரு கிராமத்துக் கல் வீட்டை வாங்கிக் குடிவந்திருக்கிறோம். முந்தைய உரிமையாளர் விட்டுச்சென்ற கிரீம் நிற ஆகா (Aga) அடுப்பு, அதாவது எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும் கனமான வார்ப்பிரும்பு அடுப்பு ஒன்று சமையலறையில் இருக்கிறது. இரண்டு ஓவன்கள் கொண்டது, மண்ணெண்ணெயில் எரிகிறது, குளிக்க வெந்நீரும் அதிலிருந்துதான் வருகிறது. இந்தக் கோடையில் சமையலறையைப் புதுப்பிக்கிறோம். சன்னல்களை மாற்றி, சுவர்களுக்கு வெப்பக் காப்பு கொடுத்து, தாளிப்புப் புகை போவதற்கு நல்ல உறிஞ்சி ஒன்றும் பொருத்தப் போகிறோம். எண்ணெய்ச் செலவைப் பார்த்த என் கணவர் அடுப்பை எடுத்துவிடலாம் என்கிறார். குளிர்காலத்தில் வீட்டிலேயே கதகதப்பான இடம் அதுதான், எடுக்கக் கூடாது என்கிறார் மாமியார். என்ன செய்யலாம்?
– ஒரு வாசகி, ஹெரிஃபோர்ட்ஷர்

பதில்: அடுப்பை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அதற்குள் இருக்கும் மண்ணெண்ணெய் பர்னரை எடுத்துவிடுங்கள் என்பதே என் முடிவான கருத்து. சன்னலையும் சுவரையும் தொடாமல் அலமாரிகளை மட்டும் மாற்றப் போகிறீர்கள் என்றால் நான் இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க மாட்டேன். நீங்கள் செய்யப்போகும் மற்ற மூன்று வேலைகளும்தான் இந்த அடுப்பின் கதியைத் தீர்மானிக்கின்றன. ஆகவே ஒப்பந்ததாரர் வருவதற்கு முன்பே, வரைபடம் தாளில் இருக்கும்போதே, நீங்கள் மூவரும் உட்கார்ந்து இதைப் பேசி முடித்துவிடுவது நல்லது.

இந்த அடுப்பு ஏன் எப்போதும் எரிந்துகொண்டே இருக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் மற்றவை தெளிவாகும். கலங்கரை விளக்கங்களுக்கான தானியங்கி வால்வுக்காக 1912இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற சுவீடன் நாட்டுப் பொறியாளர் குஸ்டாஃப் டாலன், அதே ஆண்டில் ஒரு சோதனையின்போது நேர்ந்த வெடிப்பில் பார்வையை இழந்தார். பின்னர், 1922இல், அவர் உருவாக்கியதுதான் ஆகா அடுப்பு. சிறிய நெருப்பு ஒன்று இரவு பகலாக எரிந்துகொண்டிருக்கும். அதன் வெப்பத்தைக் கனமான வார்ப்பிரும்பு வாங்கிச் சேர்த்து வைத்துக்கொள்ளும். சமைப்பவர் மேலே உள்ள சமையல் தட்டின் மூடியைத் திறந்தவுடன் வெப்பம் தயாராக இருக்கும். அன்றைய எரிபொருள் நிலக்கரியும் அதைச் சுட்டெடுத்த கல்கரியும் (கோக்) என்பதால், காலையும் மாலையும் ஒருமுறை நிரப்பிவிட்டு மறந்துவிடலாம் என்பதே பெரிய வசதியாக இருந்தது. 1929இல் பிரிட்டனுக்கு வந்த பிறகு, குளிர்ந்த கல் வீடுகளில் அது சமையலுக்கும் வெந்நீருக்கும் துணி உலர்த்துவதற்கும் ஒரே அடுப்பாக நிலைத்துவிட்டது. எண்ணெய், எரிவாயு, மின்சாரம் என்று எரிபொருள் மாறியபோதும் அடிப்படை அமைப்பு மாறவில்லை. அதாவது, அடுப்பின் உடல் வேறு, அதைச் சூடாக்கும் கருவி வேறு. உங்கள் கணவர் சொல்லும் குறை கருவியினுடையது. உங்கள் மாமியார் விரும்புவது உடலை. இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது.

முதலில் செலவு. இரண்டு ஓவன் கொண்ட எண்ணெய் ஆகா வாரத்திற்கு ஏறத்தாழ 40 லிட்டர் மண்ணெண்ணெய் குடிக்கும். லிட்டருக்கு 65 பென்ஸ் என்று வைத்துக்கொண்டால் வாரத்திற்கு 26 பவுண்டு. ஆண்டு முழுவதும் அணைக்காமல் வைத்திருந்தால் 1,350 பவுண்டு. ஒரு லிட்டர் மண்ணெண்ணெயில் சுமார் 10 யூனிட் (கிலோவாட்-மணி) ஆற்றல் இருப்பதால், ஆண்டுக்கு 20,000 யூனிட்டைத் தாண்டுகிறது. பிரிட்டனின் எரிசக்தி ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம், நடுத்தரக் குடும்பம் ஒன்று ஓராண்டு முழுவதும் வீட்டைச் சூடாக்கவும் வெந்நீருக்கும் சமையலுக்கும் சேர்த்துப் பயன்படுத்தும் எரிவாயு என்று 2023இல் வகுத்த அளவே 11,500 யூனிட்தான். எனவே உங்கள் கணவர் திகைத்ததில் வியப்பில்லை. இந்த வெப்பம் முழுவதும் வீண் என்று சொல்ல முடியாது. குளிர்காலத்தில் அது சமையலறையைச் சூடாக்குகிறது, குளிக்க வெந்நீர் தருகிறது. ஆனால் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அதே வெப்பத்தைத் தாங்க முடியாமல் சன்னலைத் திறந்து வெளியே விட வேண்டியிருக்கும். சுவருக்கு வெப்பக் காப்பு கொடுத்த பிறகு அந்தத் தொல்லை ஏப்ரலிலேயே தொடங்கிவிடும்.

செலவைவிட எனக்குக் கவலை தருவது காற்று. இதைத்தான் சமையலறை விற்பவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. உங்கள் அடுப்பு தான் எரிவதற்கு வேண்டிய காற்றைச் சமையலறையிலிருந்தே எடுத்து, எரிந்த வாயுவைப் புகைபோக்கி வழியாக வெளியே அனுப்புகிறது. அந்த வாயுவை மேலே இழுப்பது சூட்டினால் உண்டாகும் மெல்லிய இழுவிசை மட்டுமே. இதுவரை பழைய சன்னல் இடுக்குகள் வழியாக வந்த காற்று அடுப்புக்குப் போதுமானதாக இருந்தது. புதிய சன்னல்கள் அந்த இடுக்குகளை அடைத்துவிடும். அதற்கு மேல், வலிமையான உறிஞ்சி ஒன்று அதே அறையில் ஓடினால், அது புகைபோக்கியின் இழுவிசையை எளிதில் வென்று, மேலே போக வேண்டிய வாயுவை அறைக்குள் திருப்பி இழுக்கும். அந்த வாயுவில் கார்பன் மோனாக்சைடு இருந்தால் அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, மயக்கம் என்று தொடங்கி உயிரையே குடித்துவிடும்.

ஆகவேதான் இங்கிலாந்தின் கட்டட விதிகளுக்கான வழிகாட்டி ஆவணம் ஜே, உங்களுடையதைப் போன்ற ஆவியாக்கி எரிக்கும் எண்ணெய் பர்னர் உள்ள அறையில் உறிஞ்சியின் வேகம் வினாடிக்கு 20 லிட்டருக்குள் இருக்க வேண்டும் என்கிறது. காற்றோட்டம் பற்றிய ஆவணம் எஃப், அடுப்பின் மேல் பொருத்தும் உறிஞ்சி குறைந்தது வினாடிக்கு 30 லிட்டர் இழுக்க வேண்டும் என்கிறது. கடுகும் மிளகாய் வற்றலும் வெடிக்கும் நம் சமையலுக்கு அந்த 30 லிட்டரே போதாது. கடையில் மணிக்கு 600 கன மீட்டர் என்று எழுதி விற்கும் உறிஞ்சி வினாடிக்கு 166 லிட்டர் இழுக்கும், அதாவது அனுமதித்த அளவைப் போல எட்டு மடங்கு. காற்று வரத் தனித் துளை இடலாம், உறிஞ்சியை முழு வேகத்தில் ஓடவிட்டுப் புகை திரும்புகிறதா என்று சோதிக்கலாம். அந்தச் சோதனையை எண்ணெய் அடுப்புகளுக்கான ஆஃப்டெக் பதிவு பெற்ற தொழில்நுட்பரே செய்ய வேண்டும். ஆனால் நாள்தோறும் தாளிக்கிற வீட்டில், இறுக அடைத்த சன்னல்களுக்குள், வலிமையான உறிஞ்சியையும் திறந்த புகைபோக்கி கொண்ட எண்ணெய் அடுப்பையும் ஒரே அறையில் வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். இரண்டில் ஒன்றுதான் இருக்கலாம். புதுப்பிக்கும் வரையிலும்கூட அந்த அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். இல்லையென்றால் இதைப் படித்து முடித்ததும் வாங்கிவிடுங்கள்.

பர்னரை எடுத்துவிட்டு அடுப்பை மின்சாரத்திற்கு மாற்றுவது இப்போது பிரிட்டனில் பரவலாகச் செய்யப்படும் வேலை. வார்ப்பிரும்பு உடல், ஓவன்கள், மூடிகள், எனாமல் எல்லாம் அப்படியே இருக்கும். உள்ளே மின் சூடேற்றிகள் பொருத்தப்படும். எரியும் நெருப்பு இல்லாததால் புகைபோக்கிக் கவலை போய்விடும், நீங்கள் விரும்பிய உறிஞ்சியைத் தயங்காமல் பொருத்திக்கொள்ளலாம். ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. மின் ஆகாவையும் பழைய வழக்கப்படி இடைவிடாது எரியவிட்டால் வாரத்திற்கு 200 யூனிட்டுக்கு மேல் ஆகும். யூனிட் 25 பென்ஸ் என்றால் 50 பவுண்டைத் தாண்டும். அது இப்போதைய எண்ணெய்ச் செலவைப் போல இரு மடங்கு! எனவே ஓவன்களையும் மேல்தட்டுகளையும் தனித்தனியே ஏற்றவும் அணைக்கவும் முடிகிற அமைப்பை மட்டுமே தேர்ந்தெடுங்கள். விலை கேட்கும்போது இதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குத் தனி மின்இணைப்பு தேவையா என்பதையும் சுவர் பூசுவதற்கு முன்பே எலக்ட்ரீஷியனிடம் கேட்டுவிடுங்கள்.

மாற்றுவதற்குப் பணம் கட்டுமுன், அந்த உடல் அதற்குத் தகுதியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுப்பு நன்றாகச் சூடேறியிருக்கும் ஒரு காலையில் முகப்பில் உள்ள வெப்பமானியைப் பாருங்கள். இரவு ஓய்வுக்குப் பிறகு முள் நடுக்கோட்டில் நிற்க வேண்டும். பிறகு மூடிகளுக்கு இடையே உள்ள எனாமல் பரப்பிலும் முகப்பிலும் புறங்கையை மெல்லக் கொண்டுபோங்கள். ஓரிடத்தில் மட்டும் கை வைக்க முடியாத சூடு இருந்தால், உள்ளே நிரப்பிய காப்புப் பொருள் ஆண்டுகள் போகப் போக அமுங்கிக் கீழே இறங்கியிருக்கிறது என்று பொருள். அதை மறுபடியும் நிரப்பிக்கொள்ளலாம், பெரிய குற்றமில்லை. மூடிகளின் உட்புறம் நசுங்கியிருந்தால் தட்டுகளின் சூடு வெளியேறும், மூடியை மாற்றிக்கொள்ளலாம். ஓவனின் உட்சுவரிலோ மேல்தட்டிலோ விரிசல் இருந்தால் மட்டும் கணக்கு மாறுகிறது. அப்போது எடுத்துவிடுங்கள் என்றே சொல்வேன். மிகப் பழைய அடுப்பாக இருந்தால் கதவுக் கயிறுகளிலும் புகைக்குழாய் இணைப்புகளிலும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கக்கூடும். ஆகவே ஆய்வுக்கு ஆள் வரும் வரை எதையும் சுரண்டவோ பிரிக்கவோ வேண்டாம்.

அடுத்தது, நம் சமையலுக்கு இது உண்மையில் உதவுமா என்பது. இடப்புறத் தட்டு 350 டிகிரி அளவில் கொதிக்க வைப்பதற்கு. வலப்புறத் தட்டு 200 டிகிரியை ஒட்டி, மெல்லக் காய்ச்சுவதற்கு. கீழ் ஓவன் 120 டிகிரி அளவில் இருக்கும். பிரஷர் குக்கரை இடப்புறத்தில் விசில் வரும்வரை வைத்து வலப்புறத்திற்கு நகர்த்தினால் பருப்பு நன்றாகவே வேகும். பால் திரட்டுவதற்கும், எலும்பு ரசம் போன்று மணிக்கணக்கில் கொதிக்க வேண்டியவற்றுக்கும் கீழ் ஓவனைப் போல வசதி வேறு இல்லை; அடிபிடிக்காது, கிளற வேண்டியதில்லை. வலப்புறத் தட்டின்மேல் ஆங்கிலேயர்கள் டிராப் ஸ்கோன் என்னும் சிறு அப்பங்களை நேரடியாகவே சுடுகிறார்கள். அதே தட்டில் எண்ணெய் தடவித் தோசை வார்த்துப் பாருங்கள், வார்ப்பிரும்புக் கல்லில் வரும் முறுகல் வரும். குறைகளும் உண்டு. மூடி திறந்தே இருந்தால் சேர்த்து வைத்த சூடு இறங்கிக்கொண்டே போகும். பத்துப் பேருக்குத் தோசை வார்க்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டாவது பாதிக்குச் சூடு போதாது. அடி உருண்ட வாணலியும் ஆப்பச் சட்டியும் தட்டில் படியவே படியா. எண்ணெயில் பொரிப்பதற்கும் சூட்டைச் சட்டென்று கூட்டிக் குறைத்துத் தாளிப்பதற்கும் இது ஏற்ற அடுப்பு அல்ல. ஆகையால் ஆகாவுக்குப் பக்கத்தில் இரண்டு அடுப்புகள் கொண்ட சிறு எரிவாயு அடுப்புக்கோ இண்டக்‌ஷன் அடுப்புக்கோ மேடையில் இடம் ஒதுக்குங்கள். உறிஞ்சியை அதன் மேலே பொருத்துங்கள். இண்டக்‌ஷன் என்றால் அதற்கும் தட்டை அடிப் பாத்திரம்தான் வேண்டும் என்பதையும், உங்களிடம் உள்ள அலுமினியப் பாத்திரங்கள் அதில் சூடேறா என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

வெந்நீருக்கு வேறு ஏற்பாடு செய்தாக வேண்டும். மின்சாரத்திற்கு மாற்றிய ஆகா குளியல் நீரைச் சூடாக்காது. தண்ணீர்த் தொட்டியில் மின் சூடேற்றி ஏற்கெனவே இருக்கிறதா என்று பிளம்பரிடம் கேளுங்கள். பல வீடுகளில் இருக்கும். அடுப்புக்குள் உள்ள கொதிகலனை நீர் வடித்து முறையாகத் துண்டிக்க வேண்டும். நீரை உள்ளே விட்டு இரு பக்கமும் அடைத்த கொதிகலன் சூடேறினால் வெடிக்கும். இதை யாரும் அரைகுறையாகச் செய்துவிட்டுப் போக அனுமதிக்காதீர்கள்.

மாமியாரிடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மாற்றிய பிறகு அடுப்பு எந்நேரமும் சூடாக இருக்காது. சுவரும் சன்னலும் சீரானபின் அறை இப்போது இருப்பதைவிட எளிதில் சூடேறும் என்றாலும், அதற்கு ஒரு ரேடியேட்டர் வேண்டும். அதை அவர் உட்காரும் பக்கத்துச் சுவரில் வைக்கும்படி வரைபடத்திலேயே குறித்துவிடுங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை கீழ் ஓவனை மட்டும் தாழ்ந்த சூட்டில் விட்டுவைக்கலாம். அந்த மாதங்களில் இட்லி மாவு புளிக்க அதைவிட நல்ல இடம் கிடையாது. பாத்திரத்தை மூடியின்மேல் வைத்துவிடாமல் பக்கத்தில் ஒரு முக்காலியில் வைத்தால் போதும், அதற்கு மேற்பட்ட சூட்டில் மாவு வெந்துவிடும்.

இவ்வளவும் செய்ய இப்போது பணம் இடம் கொடுக்கவில்லை என்றால், அடுப்பை அணைத்து, எண்ணெய்க் குழாயைத் தொழில்நுட்பரைக் கொண்டு துண்டித்து, உடலை இருந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். அதைச் சுற்றி மேடையை அமைத்துக்கொண்டு, இரண்டு ஆண்டு கழித்துக்கூட மின்சாரத்திற்கு மாற்றலாம். எடுத்து எறிந்துவிட்டால் திரும்ப வாங்குவது எளிதல்ல. இந்த அடுப்புகளுக்கான இரும்பு பல பத்தாண்டுகள் வார்க்கப்பட்டது ஷ்ராப்ஷரின் கோல்புரூக்டேலில். 1709இல் ஆபிரகாம் டார்பி கல்கரியைக் கொண்டு இரும்பை உருக்கிய அதே ஊர். அந்த வார்ப்பட்டறை 2017இல் மூடப்பட்டது. உடைந்த உறுப்பை மறுசீரமைப்பாளர்களிடம் இன்றும் வாங்கலாம், ஆனால் நல்ல நிலையில் உள்ள பழைய உடலை ஒரு வாரச் சலிப்பில் இழந்துவிடக் கூடாது.

கேள்வி: யார்க்‌ஷரில் நாங்கள் வாங்கிய விக்டோரியா காலத்து வீட்டில், புகைபோக்கிக்குள் பதித்த கரிய இரும்பு அடுப்பு ஒன்று இருக்கிறது. நடுவில் நெருப்பு, பக்கத்தில் ஓவன். அதைப் பெயர்த்துவிட்டு அந்த இடத்தில் குளிர்சாதனப் பெட்டியை வைக்கலாமா?
– ஒரு வாசகர், யார்க்‌ஷர்

பதில்: முதலில் உங்கள் வீடு பாதுகாக்கப்பட்ட கட்டடப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பட்டியலைப் பராமரிக்கும் ஹிஸ்டாரிக் இங்லாண்ட் அமைப்பின் இணையதளத்தில் முகவரியைக் கொண்டு தேடலாம். பட்டியலில் இருந்தால், சுவரில் பதித்த அடுப்பும் கட்டடத்தின் பகுதியாகவே கருதப்படும். உள்ளாட்சி மன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் பெயர்ப்பது 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தனியே நிற்கும் ஆகாவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

பட்டியலில் இல்லையென்றாலும் பெயர்க்க வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறேன். அதில் அன்றாடம் சமைக்க முடியாது. அப்படி நினைத்து வைத்திருக்கவும் வேண்டாம். ஆனால் அந்த வீட்டின் அமைப்பே அந்த நெருப்பைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருக்கும், பெயர்த்தால் பின்சுவரும் சேர்ந்து வருவது வழக்கம். குளிர்சாதனப் பெட்டிக்கு வேறு சுவர் கிடைக்கும். துருவைத் துடைத்து, கரிய மெருகு பூசி, கதவுகள் அசைகிற நிலையில் வைத்திருந்தால் போதும். அதற்குள் எப்போதாவது நெருப்பு மூட்ட விரும்பினால், பின்னால் பழைய கொதிகலன் ஒன்று அடைபட்டுக் கிடக்கிறதா என்பதைத் திட எரிபொருள் அடுப்புகளுக்கான ஹெட்டாஸ் பதிவு பெற்றவரை அழைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். புகைபோக்கியையும் துப்புரவு செய்தாக வேண்டும். அதுவரை ஒரு தீக்குச்சிகூடக் கிழிக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் நான்கு ஓவன் கொண்ட எரிவாயு ஆகாவை எடுத்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டோம். வீட்டைச் சூடாக்க, வெளியிலுள்ள வெப்பத்தை மின்சாரத்தால் உள்ளே இழுக்கும் ஹீட் பம்ப் போடுகிறோம், எரிவாயு இணைப்பையே துண்டிக்கிறோம். நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து தூக்கி வெளியே வைத்துவிடலாமா?
– ஒரு வாசகர், சர்ரே

பதில்: எரிவாயுவையே கைவிடுகிறீர்கள், வீடு முழுவதும் சீராகச் சூடேறப் போகிறது என்னும்போது உங்கள் முடிவு சரியானதே. ஆனால் தூக்க நினைக்காதீர்கள். இரண்டு ஓவன் அடுப்பே 400 கிலோ. உங்களுடையது 600 கிலோவை நெருங்கும். அது வந்ததும் முழு அடுப்பாக வந்திருக்காது. பகுதி பகுதியாகக் கொண்டுவந்து உங்கள் சமையலறையிலேயே கோத்திருப்பார்கள். அதே முறையில்தான் பிரித்தெடுக்க வேண்டும். ஆகா அடுப்புகளை மறுசீரமைக்கும் தொழிலில் இருப்பவரிடம் படங்களை அனுப்பினால், நல்ல நிலையில் இருக்கும் பட்சத்தில் அவரே பிரித்து எடுத்துச்செல்ல முன்வரலாம். பெரிய விலையை எதிர்பார்க்க வேண்டாம், பிரிக்கும் கூலி மிச்சமானாலே நன்மைதான். அதற்கு முன் எரிவாயுக் குழாயை, எரிவாயு வேலைகளுக்கான கேஸ் சேஃப் பதிவு பெற்றவர் அடைத்துத் தர வேண்டும்.

அடுப்பு போன இடத்தில் கனமான தளமேடை ஒன்று இருக்கும்; அதன் உயரம் மற்றத் தரையோடு ஒத்துப்போகாது. புதிய தரை ஓடுகளின் அளவை எடுப்பதற்கு முன்பே அடுப்பை எடுத்துவிட்டால், ஓடு பதிப்பவர் இரண்டாம் முறை வர வேண்டியிருக்காது. அடுப்பு செங்கல் புகைபோக்கியில் இணைந்திருந்தால் அதை முழுவதும் அடைத்துவிடாதீர்கள். மேலே மழை புகாத மூடியும், கீழே காற்று போகும் சிறு கம்பிவலைத் துளையும் வைத்தால் உள்ளே ஈரம் தங்கிச் சுவரில் கறை படியாமல் இருக்கும்.